வண்டி நிற்பதற்குள் இறங்குகிற பேபி

பட்டாபிராமில் பேபியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் ரயிலிலிருந்து இறங்குவதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்ததுமே கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டி போகிற பக்கம் பார்த்துக் காலை வைப்பாள். தடதடவென்று கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் புடவையைச் சரிசெய்துகொண்டு நடப்பாள். பாரிமுனையில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லா வேலை. கணவர் போய் வெகு காலமாகிறது. மகள் கார்த்திகாவைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் எதற்கு இந்த அவசரம் என்று யாராவது கேட்டால், "குந்திகினே இருந்தா ஊடு வந்து சேருமா?" என்பாள்.

அதே பெட்டியில் வருகிறவர் சம்பந்தம். கும்பகோணத்துக்காரர், மனைவியை இழந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்துவதுதான் உத்தியோகம். வண்டி முழுசாக நின்று, இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்களுக்கும் வழிவிட்டு, கடைசியாகத்தான் இறங்குவார். ஒருமுறை வழிவிட்டு வழிவிட்டு, இறங்காமலே அடுத்த ஸ்டேஷனான நெமிலிச்சேரி வரை போய்ச் சேர்ந்த மகானுபாவர்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை பிளாட்பாரத்தில், "மேடம், நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டார்.

அன்று முழுக்கப் பேபி கல்லாவில் சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். பிடித்திருந்தது, அதில் சந்தேகமில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. எல்லாருக்கும் வழிவிடுகிற மனுஷன், நாளைக்குச் சொந்தக்காரர்கள் நாலு பேர் முகத்தைச் சுளித்தால், அவர்களுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிடுவாரோ? அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிச் சரி என்பது?

அந்தச் சமயம் பார்த்துக் கடையின் தீபாவளிக் குலுக்கலில் அவளுக்குப் பரிசு விழுந்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, கரையோரமாகவே யாட் என்கிற பாய்மரப் படகில் இரண்டு பேருக்குச் சவாரி. "நீங்களும் வாங்க சார். மாமல்லபுரத்துக் கரைல கால வெச்சதும் பதில் சொல்றேன்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் எவ்வளவு பெரிய ஆள் போலப் பேசிவிட்டோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

தாழ்வு மண்டலம் ஒன்று கடலில் எங்கேயோ முடிவெடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நாள். படகோட்டி ஜெபா, காசிமேட்டுக்காரன். பாய் விரிந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேபி வாய்விட்டுச் சிரித்தாள். சம்பந்தம் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்தார். அவளுடையதை இழுத்துப் பார்த்தார். ஜெபாவுடையதையும் இழுத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் வெயில் சுளீரென்று அடித்தது, மறு நிமிஷம் மழை முகத்தில் அறைந்தது. "இன்னா மாமே, கடலும் எங்க மொதலாளி மாதிரியே கீது" என்றாள் பேபி, ஜெபாவிடம்.

பாதி வழியில் ஒரு மீனவக் குப்பம். யாட்டைத் தள்ளி நிறுத்திவிட்டு, சின்ன ரப்பர் படகில் ஜெபா அவர்களைக் கரைக்குக் கொண்டுபோனான். சவுக்குத் தோப்புக்குள் நடந்தார்கள். நண்டைத் துரத்திக்கொண்டு ஓடிய பேபியை, "பாத்து மேடம், பாத்து" என்றபடி சம்பந்தம் துரத்தினார். மழை பிடித்துக்கொண்டதும் மீன் ஏலம் விடும் கொட்டகைக்குள் புகுந்தார்கள். அங்கே வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் என்ற பெண் இருவரையும் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரராம்மா?" என்று கேட்டாள்.

பேபி சம்பந்தத்தைப் பார்த்தாள்.

"அத அவங்கதான் சொல்லணும்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். இங்கேயும் வழிவிட்டாரே என்று பேபிக்கு எரிச்சலாக வந்தது. கோபத்தில் அவர் தட்டிலிருந்த மீனையும் எடுத்துத் தின்றாள்.

மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது காற்று திசை மாறிவிட்டது. யாட்டை மறுபடி தள்ளி நிறுத்திவிட்டு ரப்பர் படகில் கரையை நெருங்க, அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "அக்கா, ஒதுங்க முடியாது, திரும்பிக்கலாம்" என்றான் ஜெபா.

"தம்பி சொல்றதுதான் சரி. இன்னொரு நாள் பாத்துக்கலாம் மேடம்" என்றார் சம்பந்தம்.

இன்னொரு நாளா? காலை முதல் துள்ளிக்கொண்டிருந்த பேபியின் மனசு பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. படகு திரும்புவதற்காகக் கரையை ஒட்டி ஓடியது. முழங்கால் அளவுத் தண்ணீர். அதற்கப்பால் மணல், பட்டாபிராம் பிளாட்பாரம் போல நீளமாக, கூடவே ஓடி வந்தது. வேகம் குறைந்தது. அவ்வளவுதான். அவள் யோசிக்கவேயில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கி, படகு போகிற பக்கம் பார்த்துக் காலை வைத்துவிட்டாள்.

நாலு எட்டு ஓடினாள். பின்னாலிருந்து ஒரு அலை பிடித்துத் தள்ள, மிச்சத்தை உருண்டு கடந்து மணலில் எழுந்து நின்றாள். திரும்பிப் பார்த்தால், ஜெபா கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். படகு விலகிக்கொண்டிருந்தது. சம்பந்தம் படகு விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை. இதைக் கூப்பிட்டு வரவழைக்கக் கூடாது என்று தோன்றியது.

சம்பந்தம் குதித்தார்.

அதுவும் எப்படி? படகு போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வாழ்நாளில் ஓடும் வண்டியிலிருந்து இறங்கியிராத மனிதருக்கு வேறு எப்படித் தெரியும்? மல்லாக்க விழுந்தார், முங்கினார், ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்தார், கடைசியில் அலையே பார்த்து அவளுடைய காலடியில் கொண்டுவந்து போட்டது.

"போற பக்கம் பாத்து எறங்கணும்யா" என்றாள் பேபி. 'சார்' என்கிற மரியாதை எங்கேயோ தண்ணீரில் போய்விட்டிருந்தது.

அவர் மணலைத் துப்பினார். "நீங்க இறங்கிட்டீங்க. நான் அங்க என்ன பண்றது?"

"கட்டிக்கிறேன். மொதல்ல எந்திரு."

பஸ் மாறி, ரயில் மாறி, சாயங்காலம் ஈரம் காயாமலே பட்டாபிராம் வந்தார்கள். வண்டி வேகம் குறைந்ததும் வாசலில் நின்றவர்கள் பேபிக்கு வழக்கம்போல இடம் விட்டார்கள். அவள் அசையவில்லை. சம்பந்தம் ஒற்றைச் செருப்போடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டார். பிறகு ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டார். வண்டி ஊதிவிட்டு நகர்ந்தது. இப்போதுகூட அவள் நினைத்திருந்தால் குதித்திருக்கலாம்.

நெமிலிச்சேரியில், வண்டி முழுசாக நின்ற பிறகு, அவருக்குப் பின்னால் கடைசி ஆளாக இறங்கினாள்.