மதினி போட்ட சால்வையும் நான் போட்ட சால்வையும்

மதினியின் கொண்டையில் எப்போதும் ஒரு குட்டை ஊசி செருகியிருக்கும். பூ இருக்கிற நாளும் இருக்கும், இல்லாத நாளும் இருக்கும். கோயிலுக்கு வரும்போது முக்காட்டுக்குள்ளே அது துருத்திக்கொண்டு நிற்கும். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பளிப் பின்னலில் முறுக்கு முறுக்காக ஜடை திருப்புவதற்கான ஊசி அது. நூல் வளையம் இரண்டை, கண் என்போம், அதில் ஏற்றி முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டைப் போட்டு, பிறகு நிறுத்தியதைப் போட்டால் ஜடை திரும்பும். அந்த வேலை எனக்கும் வரும். நான் ஊசியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றவில்லை, அவ்வளவுதான்.

திண்டுக்கல் வெயிலில் கம்பளி யாருக்கு என்று கேட்பார்கள். சிஸ்டர்மார் நடத்திய தையல் வகுப்பில் நாங்கள் போட்ட ஸ்வெட்டர் எல்லாம் கொடைக்கானல் கடைகளுக்குப் போகும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அவளும் அப்படித்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வேலை. பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மதினியாகிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும்தான் ஊசி பிடிக்கத் தெரியும் என்று ஆகிவிட்டது.

எங்கள் சண்டை பின்னலால் வந்ததில்லை. அவள் மகனுக்கு என் மகளைக் கேட்டாள். முறைமாப்பிள்ளைதான், குணத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நர்ஸுக்குப் படித்த பெண்ணை அவளுக்கு மருமகளாக அனுப்பி, காலம் முழுக்க அவள் வாயில் விழ வைக்க எனக்கு மனமில்லை. அதை நான் முகத்துக்கு நேரே சொன்னேன். கோயில் வாசலில், பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில் அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்: “பெரிய ராணி பெத்த மக. எவன் வந்து கட்டுறான்னு நானும் பாக்குறேன்.” அதோடு பேச்சு நின்றது.

மகளுக்கு வெளிநாட்டில், பனி பெய்கிற ஊரில் வேலை கிடைத்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாமா வீட்டுக்குப் போய், “அத்தை, எனக்கு ஒரு சால்வை போட்டுக் குடுங்க” என்று கேட்டிருக்கிறாள். காதில் விழுந்ததும், நான் வாக்கப்பட்ட வடமதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.

மதினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாம்பல் நிறக் கம்பளி. பிறை வடிவம், கழுத்துப் பக்கம் கொஞ்சம் கண்ணில் தொடங்கி, இரண்டு ஓரத்திலும் கூட்டிக்கொண்டே போய் விரிகிற சால்வை. நடுவில் ஜடை, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகப் பூவேலை.

“என்னத்தா, வழி தப்பி வந்துட்டியா?”

“என் மகளுக்கு நீ ஒண்ணும் போட வேணாம்.”

“அவ கேட்டா, போடுறேன். நீ கேட்டிருந்தா ஊசியத் தொட்டிருக்க மாட்டேன்.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். வரும் வழியிலேயே கடையில் அதே நிறத்தில் கம்பளி வாங்கினேன். நானும் பிறைதான் போட்டேன், நானும் ஜடை திருப்பினேன். ஆத்திரத்தில் நூலை இழுத்து இழுத்துப் போட்டதில் ஜடை இறுகி, விரிய வேண்டிய பிறை சுருண்டு நின்றது. என் கை இறுக்கமான கை. அதை நான் குறை என்று சொல்ல மாட்டேன்.

கிளம்பும் நாளில் பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மகள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் போட்டுப் பார்த்தாள். வழியனுப்ப வந்திருந்த மதினி என் சால்வையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இது தோளுக்குப் போட்டியா, தண்ணிக்குடத்துக்குச் சும்மாடு போட்டியா?” என்றாள். வீடே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். “உன்னோடது கழுத்தப் பிடிக்குதும்மா” என்று சொல்லி அத்தை போட்டதை மடித்து வைத்தாள். என் வீட்டில், என் மகளை, எல்லோரும் பார்க்க அவள் வாங்கிக்கொண்டு போனாள். பெண் கொடுக்காததற்கு வட்டியும் முதலுமாக.

போன மழைக்காலத்தில் மதினி போய்ச் சேர்ந்தாள். செத்தவள் மேல் புதுத்துணி போர்த்த, கோடி போட, எல்லோரும் சேலை எடுக்க ஓடினார்கள். அவளுக்காகக் கடையேறிச் சேலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருத்தரும் உடுத்திப் புழங்காத துணிதானே கோடி? அப்படி ஒன்று என் பீரோவில் கிடந்தது. முறைப்படி அவள் பிறந்த வீட்டுக் கோடி முதலில் விழுந்த பிறகு நான் என் சால்வையை எடுத்துப் போர்த்தினேன். “கம்பளியவா கோடி போடுவாக?” என்று பின்னால் முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. படுத்துக் கிடந்தவள் தோளில் அது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சவப்பெட்டி மூடும்போது அண்ணன் மகன் சேலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, என் சால்வையில் கை வைத்தவன் நிறுத்திக்கொண்டான். “இது இருக்கட்டும் அத்தை” என்றான். சரி என்றேன்.

போன வாரம் மகள் போனில் கூப்பிட்டாள். “அம்மா, அத்தை போட்டது துவைச்சுத் துவைச்சு தொளதொளன்னு ஆயிருச்சு. இடுப்பு வரைக்கும் தொங்குது. நீ போட்டது இறுக்கமா இருக்கும்ல, அதை அனுப்பிவிடும்மா.”

எத்தனை வருடமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! வந்தபோது கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை.

“அது உன் அத்தையோட போயிருச்சு” என்றேன்.

 “அப்ப இன்னொண்ணு போடும்மா” என்றாள்.

போட்டுக்கொண்டிருக்கிறேன். கண் மங்கிவிட்டதால் ஜடை திருப்பும் இடத்தில் தடவித் தடவித்தான் போகிறது. இந்தத் தடவை கொஞ்சம் தளர்த்திப் போடு என்று மகள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட மாட்டேன்.