அக்காவுக்குக் கிடைத்த கத்திரிப்பூக் கல்

செஞ்சியில் பிறந்த பிள்ளைக்குக் கல்லைக் காட்டி ஆசைகாட்ட முடியாது. கதவைத் திறந்தால் கல், கழனிக்குப் போனால் கல், தலையைத் தூக்கினால் மலைமலையாகக் கல். ராஜாக்கள் கட்டிய கோட்டையே எங்களுக்கு ஆடு மேய்கிற இடம்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லுக்காக நான் சோறு இறங்காமல் வயிறெரிந்து கிடந்தேன் என்றால், அதைக் கொண்டுவந்த சித்தப்பாவைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் நைனாவின் தம்பி. வடக்கே எங்கோ இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. உலகச் சண்டை நடந்த காலம், லீவு கிடைப்பதே குதிரைக் கொம்பு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சித்தியோடு வந்திறங்கினார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. வடக்கே போன மற்றவர்கள் துணி கொண்டுவருவார்கள், மிட்டாய் கொண்டுவருவார்கள். எங்கள் சித்தப்பா ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கல் கொண்டுவந்தார்.

இரும்பு உருகும்போது கசடு பிரிவதற்காக அந்தக் கல் ஆலைக்கு மூட்டைமூட்டையாக வருமாம். உலையில் கொட்டுவதற்கு முன்னால் இவர் மூட்டையைக் கிளறி, உருவம் குலையாத கற்களாகப் பார்த்துப் பொறுக்கி, தூக்குச்சட்டியில் போட்டுக்கொள்வாராம். ஆலைக்காரர்கள் அதை ஸ்பார் என்பார்கள். ஃபுளோரைட் என்ற பெயரெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்ததுதான்.

கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, பஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எண்ணெய் நிறத்தில் ஒன்று, படிகாரம் போல ஒன்று, பாசிப்பச்சையில் ஒன்று, கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று. எல்லாம் தாயக்கட்டையை வெட்டிவைத்தது மாதிரி சதுரம் சதுரமாக இருந்தன. விளிம்பு ஒவ்வொன்றும் கத்தி போல.

"யாரு சித்தப்பா அறுத்தாங்க?" என்றாள் அக்கா.

"ஒருத்தரும் அறுக்கல. மண்ணுக்குள்ள தானா இப்டி வளந்துது."

பூசணி வளரும், கடன் வளரும், எனக்குத் தெரியும். கல் வளரும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அக்கா அந்தக் கத்திரிப்பூக் கல்லை எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள இன்னொரு சதுரம் இருக்குது சித்தப்பா. வீட்டுக்குள்ள வீடு மாதிரி!"

சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! மலர்ந்தே போனார். கல் சின்னதாக இருந்தபோது இருந்த உருவம் அது, அதன்மேல்தான் பெரிதாக வளர்ந்திருக்கிறது, இதை ஆலையில் அத்தனை பேரிடம் காட்டியும் ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லை என்றார். நானும் பிடுங்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு இழவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனசு வருமா? "எனக்கு ரெண்டு வீடு தெரியுது" என்றேன். சித்தி சிரித்துவிட்டாள். அங்கேதான் என் வயிற்றில் முதல் நெருப்பு விழுந்தது.

மறுநாள் சித்தப்பா அந்தக் கத்திரிப்பூக் கல்லை அக்காவுக்கே கொடுத்துவிட்டார். பெரிய சதுரத்தின் தோளில் குட்டிக் குட்டிச் சதுரங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். டப்பாவிலேயே அதுதான் ராணி. எனக்கு? எனக்கென்று ஒரு பச்சைச் சதுரத்தை எடுத்தார். சந்தோஷமாகக் கையை நீட்டினேன். அவரோ கொடுக்காமல் தரையில் உட்கார்ந்து, அதன் மூலையில் பேனாக்கத்தியை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினார். மூலை பட்டென்று கழன்று விழுந்தது.

"ஐயோ, ஒடச்சிட்டியே!" என்று கத்தினேன்.

"ஒடையல கண்ணு, பிரியுது. அதுக்குப் பிரியிற எடம்னு ஒண்ணு இருக்குது. அங்க தட்டினா வழுவழுன்னு வரும். மாத்தித் தட்டினா தூளாப் பூடும்."

சோறு ஆறுகிறது என்று சித்தி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மூச்சை அடக்கி அடக்கி ஒவ்வொரு மூலையாகப் பிரித்தார். சாயங்காலம் என் கையில் வைத்தபோது அதில் சதுரம் என்பதே இல்லை. மேலே ஒரு கூர், கீழே ஒரு கூர், சுற்றிலும் முக்கோணமாக எட்டு முகம். அக்கா அதைக் கையில் வாங்கி, "எந்தப் பக்கம் வெச்சாலும் ஒரே மாதிரி நிக்குதுடீ!" என்று கொஞ்சினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு முழுக் கல், எனக்கு உடைந்த கல்லா? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா? அம்மாவிடம் போய் முறையிட்டேன். "குடுத்தத வாங்கிக்கோடி, மூஞ்சத் தூக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அக்காதான். துணிக்கு ரேஷன் இருந்த காலத்தில் அவளுக்கு மட்டும் புதுப் பாவாடை தைத்தாள் அம்மா. அவளுக்கு மட்டும் கடைத்தெருவில் வளையல் வாங்கி வந்தார் நைனா. சித்தி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு தலை பின்னினாள். குழம்பில் முட்டை போட்டால் பெரியது அவள் தட்டுக்கே போயிற்று. குடில் ஜோடித்தபோது, சேசுபாலன் தலைமாட்டில் நட்சத்திரமாக எது இருந்தது என்கிறீர்கள்? அவளுடைய கத்திரிப்பூக் கல். என்னுடைய பச்சைக் கல்லைக் கழுதைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குடில் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் அந்தக் கத்திரிப்பூவைக் காட்டித்தான் வாய் பிளந்தார்கள். கழுதையை எவர் பார்த்தார்? தினம் முழந்தாளிட்டு, அந்தக் கல்லில் ஒரு கீறலாவது விழவேண்டும் என்று சேசுபாலனிடம் மன்றாடினேன். பாலன் சிரித்துக்கொண்டே படுத்திருந்தார்.

இதற்கிடையில் பெரியவர்கள் அடுப்படியில் குசுகுசுவென்று பேசி, அக்காவைச் சித்தப்பாவுக்கே மகளாகக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். எனக்குச் சொன்னதெல்லாம் "அக்கா ஊருக்குப் போறா" என்பதுதான். அடிப்பாவி, ரயிலும் இவளுக்கா என்று இன்னும் கொஞ்சம் எரிந்தேன்.

குடிலைப் பிரிக்கிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பெட்ரோல் இல்லாத காலம், கரி பஸ்தான். பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்த அடுப்பை ஒருவன் சுற்றிச் சுற்றி மூட்ட, புகை தெருவையே மூடியது. அக்கா புதுப் பாவாடையோடு என்னிடம் வந்தாள். மூடிய கையைத் திறந்தாள். கத்திரிப்பூக் கல்!

"இந்தா, நீயே வெச்சிக்கோ. உன் பச்சைய எனக்குத் தரியா?"

நான் யோசிப்பேனா? பச்சைக் கல் எப்போதும் என் பாவாடை முடிச்சில்தான் இருக்கும். கழுதைக்குப் பக்கத்தில் அதை விட்டுவைக்க எனக்கென்ன பைத்தியமா, முதல் நாளே எடுத்துவிட்டேன். அவள் மனசு மாறுவதற்குள் அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதிலா நீ போறியாடி?" என்றாள். ரயிலையும் விட்டுக்கொடுக்கிறாளே, இவளுக்குக் கிறுக்கா என்று நினைத்தேன். அதற்குள் சித்தப்பா அவளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார். பஸ் போனபிறகு நைனா வெகுநேரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கரிப் புகை அப்படித்தான், யார் கண்ணையும் விடாது.

வீட்டுக்கு ஓடிவந்து, என் கல்லைச் சேசுபாலன் தலைமாட்டில் வைத்துப் பார்த்தேன். என் கல்! அப்புறம்தான் உள்ளே இருக்கிற வீடு நினைவுக்கு வந்தது. தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோய் இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா! எப்டிப் புடிச்சா தெரியும்?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். நான் அவளிடம் ஓடி, கல்லை முகத்துக்கு நேரே நீட்டி, "பாரும்மா, இது எனக்கே எனக்குத்தான், அக்காவே குடுத்துட்டா" என்றேன். அவள் இன்னும் அழுதாள். இத்தனை நாள் கழித்து நல்ல கல் எனக்கு வந்திருக்கிறது, இவளுக்கு ஏன் இது பொறுக்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.