பிறந்ததே கேம்ப்பில்தான், மேடம்

வெளிநாட்டுப் பேரிடர்களில் நிவாரண வேலை செய்வதற்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். இன்று ஆன்லைன் வகுப்பில் அகதி முகாம் பற்றிய பாடம்.

"உங்களில் யாராவது கேம்ப்பில் வாழ்ந்ததுண்டா?" என்று நைரோபியிலிருந்து டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார்.

கேம்ப் என்றதுமே என் கை தானாக உயர்ந்தது. "பிறந்ததே கேம்ப்பில்தான், மேடம். தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறோம்."

திரையில் எல்லா முகங்களும் வாடிவிட்டன. டீச்சர் குரலைத் தாழ்த்தி, "வீடு?" என்றார்.

"தகர ஷீட்டு."

"தண்ணீர்?"

"வாரத்துக்கு ஒரு தடவை வரும்."

ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "இன்னாடி, யாருனா செத்துட்டாங்களா? எல்லாரும் மூஞ்சிய தொங்கப் போட்டுனு கீறாங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ மேடம், எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் கேம்ப் என்றால் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. நாங்கள் அகதிகள் இல்லை!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. டீச்சரும் சிரித்து முடித்துவிட்டு, "அப்போ அந்தத் தண்ணீர்?" என்றார்.

"அது நிஜம்தான், மேடம்."

"அகதி முகாமிலேயே தினமும் கொடுக்கச் சொல்லித்தானே பாடம் நடத்துகிறேன்!"

நம்ம கேம்ப் ஜனங்களே, இன்னிக்கு உங்க பக்கம் தண்ணி வந்துச்சா? வரலன்னா சொல்லுங்க, டீச்சர் நம்பர் என்கிட்ட கீது.