வெயிலில் வைத்த அந்தூரியம்

என் கணவருக்கு அந்தூரியப் பூச்செடி என்றால் உயிர். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், நிழல்வலையின் கீழ் இருபத்தெட்டுச் சாடிகள் வைத்திருந்தார். தேங்காய் மட்டையை நறுக்கிப் போடுவதும் காலையில் இலைகளுக்குத் தண்ணீர் தெளிப்பதும் என் வேலை. ஒருமுறை மறந்துபோய் ஒரு சாடியை வெயிலில் விட்டுவிட்டேன். கன்னத்தில் அறைந்தார். முப்பது வருடத்தில் அது முதல் அறையல்ல.

போன வருடம் பாரிசவாதம் வந்து அவருடைய பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், சாடிகளையெல்லாம் முற்றத்து வெயிலுக்கு இழுத்தேன். அவற்றுக்கு எதிரே, விறாந்தை ஓரத்தில் கதிரை போட்டு அவரை உட்காரவைத்தேன்.

"நல்லா பாருங்க" என்றேன்.

சில நாட்களில் இலைகள் வெளுத்து ஓரம் கருகின. ஒரு மத்தியானம் அவர் முனகிக்கொண்டே சரிந்து, இடது கையை நீட்டி, பக்கத்துச் சாடியின் இளந்தளிரில் வெயில் படாமல் மறைத்தார். கண்ணீர் வழிந்தது. என்னை அவர் ஒருநாளும் அவ்வளவு மென்மையாகத் தொட்டதில்லை.

நான் கதிரையைப் பின்னால் இழுத்தேன்.

பின்னேரம் மகள் வந்தாள். "அப்பா ஏம்மா அழுறாரு?"

"செடியெல்லாம் வாடிருச்சில்ல, அதான்."

"நீங்க ஒரு ஆளா எதைத்தாம்மா பாப்பீங்க?" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் இறந்துபோனார். எதிர்க்க முடியாத ஒருவரை வதைப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். அவர் ஏன் நிறுத்தவே இல்லை என்பதும் புரிகிறது.