மின்கம்பியைத் தொட்ட கார்பன் தொரட்டி

போன வருடம், ஜேடர்பாளையம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் நடந்தது இது. தேங்காய் பறிக்கும் மூங்கில் தொரட்டியைத் தூக்கித் தூக்கி என் கணவருக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. அலுமினியத்தில் வாங்கலாம் என்றால், தோப்போரமாக மின்கம்பி போகிறது, எனக்குப் பயம். அதனால் கார்பன் ஃபைபர் கம்பு வாங்கினோம். இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை, ஏதோ நாரில் செய்தது, இதில் எப்படி கரண்ட் பாயும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். யாரையும் கேட்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. எட்டு மணிக்குக் கிளம்பியவரை, புதுச் சாமானை ராகு காலத்தில் எடுக்கக் கூடாது என்று நான்தான் பிடித்து வைத்தேன்.

"உன்ற ராகு காலம் முடியற வரைக்கும் தேங்கா காத்துட்டிருக்குமா அம்மிணி?" என்று முணுமுணுத்தபடி, ஒன்பது மணி தாண்டித்தான் கம்பை நீட்டினார். அவ்வளவு நீளக் கம்பு அத்தனை லேசாக இருந்தது. அந்தக் குஷியில் காயைப் பார்த்தாரே தவிர மேலே போகும் லைனைப் பார்க்கவில்லை. நுனியில் கட்டிய அரிவாள் சாய்ந்து நேராக மின்கம்பியில் போய் மாட்டியது. வெறுங்காலோடு ஈரப் பாத்தியில் நின்றிருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா, நாஞ்சொன்னனல்ல? இதுல கரண்டு பாயாது! மத்தியானம் லைனுக்கு அடியில இருக்கற மரத்தையும் முடிச்சுப்போடறேன்" என்று சிரித்தார். நானும் நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, முதல் காயைத் துருவிச் சட்னிக்கு மிக்சியில் போட்டால், அது ஓடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன்.

"ஒம்பது மணிக்கே நிறுத்திப்போட்டாங்க கண்ணு. மாசாமாசம் லைன் வேலை பாக்கறதுதான, சாயங்காலந்தான் வருமாம்."

தோப்புக்கு ஓடினேன். "ஏனுங்க, அதைத் தொடாதீங்க! லைன்லயே கரண்டு இல்லீங்க!"

அப்போதும் அவர் முழுதாக நம்பவில்லை. மோட்டார் ஒயரைச் சோதிக்க வைத்திருக்கும் பேட்டரியையும் குட்டி பல்பையும் எடுத்துவந்து, மேல்பூச்சு இல்லாத கம்பின் அடிமுனை விளிம்பில் இரண்டு ஒயரையும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

மனிதர் பாத்தி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். கரண்ட் போனால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவள், அன்று சாயங்காலம் வரை வராத கரண்டுக்காகச் சாமிக்கு விளக்கேற்றினேன்.

லைனோரத்து மரங்களின் காய்கள் இப்போது தானாக விழுந்தால்தான் உண்டு. அவரோ ராகு காலத்தைக் கேலி செய்வதை விட்டுவிட்டார். எனக்கு மட்டும், "ஒரு தடவை செஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல" என்று யார் சொன்னாலும், ஓடாமல் நின்ற அந்த மிக்சிதான் இன்றும் கண் முன்னால் வருகிறது.