தையலுக்குப் பின்ரூம்

கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். பேகம்பூரில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. இஃப்பத் இப்போதும் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. போன ஜூன் மாதம், பட்டப்பகலில், அவளுக்கு நடந்தது இது.

இஃப்பத்தும் கணவர் முகமது பாரூக்கும் இரண்டு வயது மகள் ரிஃபாத்தோடு அங்கே வாடகைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாரூக்குக்குத் தோல் மண்டியில் வேலை. இஃப்பத் வீட்டிலிருந்தே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். மிஷினை எங்கே போடுவது என்பதில்தான் இருவருக்கும் இழுபறி. ஹாலில் போட்டால் குழந்தை ஊசியில் கை வைத்துவிடும். நடு ரூமில் பகலிலும் இருட்டு. பின்ரூமில் ஜன்னல் இருந்தது. வெளிச்சம் இருந்தது. பாரூக்குக்கு மட்டும் மனசில்லை. அதற்குள் போனாலே மூச்சு முட்டுகிறது, ஹாலிலேயே ஒரு மூலையில் போட்டுக்கொள் என்றார். இஃப்பத் கேட்கவில்லை.

ஜன்னலைப் பார்த்து மிஷினைப் போட்டாள். மறுநாள் காலை அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பாரூக்கைக் கேட்டாள். தான் தொடவே இல்லை என்றார். அதற்கடுத்த நாள், வெள்ளை நூல் கோத்து வைத்த ஊசியில் கறுப்பு நூல். அவளுடைய கறுப்பு நூல்கண்டு டப்பாவில் பிரிக்காமலே கிடந்தது.

நான்காம் நாள், வியாழக்கிழமை. பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மதியம் 2.40. குழந்தையை ஹாலில் தூங்க வைத்துவிட்டு, சட்டைகளுக்குப் பட்டன் வைக்கப் பின்ரூமுக்குப் போனாள். கதவை ஒருக்களித்துத்தான் வைத்தாள்.

கையில் கட்டியிருந்த வாட்சில் 2.55. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தாள்... ஜன்னல் திரை அசையவே இல்லை.

எழுந்து போய் இழுத்தாள். வரவில்லை. உள்ளே தாழ் போடவில்லை. வெளியே தாழ்ப்பாளே கிடையாது. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கதவு ஒரு விரல் அளவு வந்தது... திரும்பப் போய் மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

"யாரது?"

போன் செய்யலாம் என்றால், செல்போன் ஹாலில் இருந்தது.

டர்ர்ர்ர்...

முதுகுக்குப் பின்னால் மிஷின் ஓடியது. அது மோட்டார் மிஷின். கரண்ட் இல்லை.

நின்றது.

3.05. ஹாலில் குழந்தை அழுதது.

"அம்மா... அம்மா..."

தோளால் கதவை மோதினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

அழுகை சட்டென்று நின்றது.

குழந்தை சிரித்தது.

கூடவே... வளையல் சத்தம்.

யாரோ தட்டிக்கொடுக்கிறார்கள்.

3.20க்குப் பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்து கதவைத் தள்ளினார். உடனே திறந்தது.

"சும்மாதான் சாத்தியிருந்துச்சு தாயி. எதுக்கு இம்புட்டுக் கத்துற?"

இஃப்பத் ஹாலுக்கு ஓடினாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

பாரூக்கை வரச் சொன்னாள். இருட்டுவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, சாணார்பட்டியில் இருக்கும் அவள் தம்பி அப்பாஸ் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில்தான் நடந்ததை முழுசாகச் சொன்னாள். பாரூக் தன் போனை எடுத்துக் காட்டினார். 3.11க்கு இஃப்பத்தின் நம்பரிலிருந்து கால் வந்திருந்தது. ஒரு நிமிஷம் பேசியதாகவும் காட்டியது.

"நீதான பேசுன? உன் குரல்தான். பிள்ளை சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சு. 'அவ பின்ரூம்லயே தைக்கட்டும், பிள்ளைய நான் பாத்துக்கிறேன்'னு சொன்ன. யாரைச் சொல்றன்னு கேட்டேன்... சிரிச்சிட்டு வச்சுட்ட."