பெட்டி இல்லாத பயணி

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. நான் எலக்ட்ரீஷியன். கரண்டைத் தவிர வேறு எதற்கும் பயந்து பழக்கமில்லாதவன். அன்று என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூட ஜோடிக்கவில்லை.

போன கோடையில் பூங்காவில் திறந்தவெளி மேடை போட்டு ஒரு பாட்டு நாடகம் நடத்தினார்கள். நடித்தவர்கள் எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். பேக்கரிக்காரர், தையல்காரர், வங்கியில் இரண்டு பேர், இப்படி. கதாநாயகி என் தங்கை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவள் பாட ஆரம்பித்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்படிப்பட்டவளுக்கு நானூறு பேர் முன்னால் பாடும் வாய்ப்பு. மூன்று மாதம் ஒத்திகை. தினமும் வேலை முடிந்ததும் நான்தான் அவளைப் பைக்கில் கூட்டிப்போவேன். சும்மா உட்கார்ந்திருந்த என்னையும் விடவில்லை. விளக்குக் கோபுரத்தில் ஏற்றிவிட்டார்கள்.

பார்வையாளர்களுக்குப் பின்னால் இரும்புக் குழாய்களால் கட்டிய கோபுரம். இருபது அடி உயரம். உச்சியில் ஒரு பலகை, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்பாட் லைட். தங்கை எங்கே நகர்கிறாளோ அங்கே ஒளி வட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஏறிவிடக் கூடாது என்று, நான் ஏறியதும் ஏணியை எடுத்துப் புல்லில் படுக்க வைத்துவிடுவார்கள். நாடகம் முடிந்தால்தான் இறங்க முடியும். காதில் ஹெட்செட். மறுமுனையில், மேடைக்குப் பக்கத்தில், நாடகத்தின் பொறுப்பாளர். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர் என்பதால் எங்களுக்கு அவர் டீச்சர். மேடை விளக்குகளும் என் கோபுரத்துக்கு வரும் கரண்டும் அவர் கையில் இருந்தன.

6.40க்கு நாடகம் தொடங்கியது. நல்ல வெளிச்சம். துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருக்கும் பயணிகளின் கதை. தங்கையைச் சுற்றிப் பாட பதினொரு பயணிகள். ஆளுக்கொரு பெட்டி. 7.25க்கு இடைவேளை. 7.45க்கு மறுபடி தொடங்கியபோது வானம் கறுத்துவிட்டது.

இரண்டாம் பாதியில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பத்து விநாடி மேடை இருட்டாகும். அந்த இருட்டில்தான் எல்லாரும் இடம் மாறுவார்கள். எனக்கு அது மனப்பாடம்.

8.02. விளக்கு வந்தது. மேடையின் பின்கோடியில் ஓர் ஆள் கூடுதலாக நின்றான்.

எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். தங்கையைச் சேர்க்காமலே பன்னிரண்டுதான்.

நமக்கு முதுகைக் காட்டி நின்றான். சாம்பல் நிறக் கோட்டு. கையில் பெட்டி இல்லை. காற்று பலமாக அடித்தது. மற்றவர்களின் உடைகள் படபடத்தன. அவனுடைய கோட்டு அசையவே இல்லை.

ஹெட்செட்டில் சொன்னேன். “டீச்சர், பின்னாடி யாரோ ஒருத்தர் அதிகமா நிக்கிறாங்க.”

“சரிப்பா. நல்லது.”

நல்லதா? நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

8.09. இருட்டு. பத்து விநாடி. விளக்கு வந்தது.

நடுமேடையில் நின்றான். அதே முதுகு. திரும்பாமல், பின்பக்கமாகவே நகர்ந்து வந்திருந்தான். பேக்கரிக்காரர் பாடிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனார். போகும்போது தோளை ஒடுக்கிக்கொண்டார். எதற்காக ஒடுக்கினோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு முகம்.

நான் ஒளி வட்டத்தை அவன் மேல் திருப்பினேன். அவன் காலடிப் பலகை பளிச்சென்று தெரிந்தது. அவன் மட்டும் வெளிச்சமாகவில்லை.

“லைட் எங்கப்பா போகுது? உன் தங்கச்சி இருட்டுல பாடறா.”

வட்டத்தைத் தங்கைமேல் கொண்டுவந்தேன்.

8.17. இருட்டு. நானும் சேர்ந்து விநாடிகளை எண்ணினேன்... எட்டு... ஒன்பது... பத்து.

தங்கைக்கு நேர் பின்னால் நின்றான். முதுகோடு முதுகு. ஒரு முழம்தான் இடைவெளி. அவன் தலை மட்டும் மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்து, அவள் காதருகே வந்தது. தங்கை ஒரு விநாடி பாட்டை நிறுத்தினாள். பிறகு லேசாகத் தலையாட்டினாள். வீட்டில் நான் ஏதாவது சொன்னால் ஆட்டுவாளே, அப்படி.



கடைசிப் பாட்டுக்கு முன்னால் வரும் இருட்டு நீளமானது. இருபது விநாடி. அதற்குள் அவள் மேடை விளிம்புக்கு வந்து, இருட்டில் மினுங்கும் ஒரு பட்டைமேல் நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஓரடி வைத்தால் பள்ளம். வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். ஓர் ஆள் ஆழம்.

“டீச்சர், இந்தத் தடவை அணைக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“சரிப்பா.”

உயிர் வந்தது.

8.24. விளக்குகள் அணைந்தன.

நான் என் லைட்டை அணைக்கவில்லை. யார் திட்டினாலும் பரவாயில்லை. வட்டத்துக்குள் தங்கை மட்டும் நின்றாள். வட்டத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கை...

என் லைட் போய்விட்டது.

சுவிட்சைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். லைட்டுக்குள் சுழலும் மின்விசிறி மெதுவாக நின்றது. கரண்டே வரவில்லை.

“பாப்பா... அங்கயே நில்லு... நகராத...”

பள்ளத்தில் முரசு முழங்கிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரல் வைத்தார்கள்.

ஏணி புல்லில் கிடந்தது.

பத்து... பதினொன்று...

குழாயைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

பதினான்கு...

ஜல்ல்ல்...

பித்தளைத் தாளங்கள் சரிந்து விழும் சத்தம்.

கூட்டம் கைதட்டியது.

விளக்கு வந்தது. மேடையில் பதினொரு பேர். பதினொரு பெட்டி.

தங்கை இல்லை.

இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிவு. இரண்டு அறுவை சிகிச்சை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னபோது அம்மா அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் தங்கை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“ஏண்ணா அப்படிச் சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“இன்னும் நாலு அடி வா பாப்பான்னு. காதுகிட்ட வந்து சொன்னியே.”

“நான் கோபுரத்து மேல இருந்தேன் பாப்பா.”

“அதான் நானும் நினைச்சேன். நீ எப்ப இறங்கி வந்தேன்னு.”

இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். பின்னாலிருந்து நான் கூப்பிட்டால் அப்படியே நின்றுவிடுவாள். என் முகத்தைப் பார்க்கும்வரை ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள். எனக்கு அதில் கோபம் இல்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சர் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அதுவரை நான் அவரோடு பேசவில்லை. அவர் கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

“அணைக்காதீங்கன்னு அவ்வளவு கெஞ்சினேனே டீச்சர். என் லைட்டையும் சேர்த்து ஏன் கட் பண்ணீங்க?”

செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னையே பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“கெஞ்சினியா? நீதானேப்பா கட் பண்ணச் சொன்ன. ‘கோபுரத்து லைனையும் சேர்த்து அணைச்சிடுங்க டீச்சர்’னு. நான்கூட, உன் தங்கச்சிக்கு இருட்டுல இடம் தெரியுமான்னு கேட்டேன்...”

“நான் என்ன சொன்னேன்?”

“‘பயப்படாதீங்க, பாப்பா என் கையப் புடிச்சுக்கிட்டுதான் நிக்கிறா’ன்னு சொன்ன.”